அக்காவின் கால்விரலும் எங்கள் ஒழுங்கைத் தேத்தண்ணியும்

வேலை செய்த காலம் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள். சமபல உணவு என்று கரும்பலகையில் வட்டம் கீறி, பங்கு பிரித்துக் காட்டி, அதையே சோதனையிலும் கேட்டு, பிழையாக எழுதின பிள்ளைகளுக்குச் சிவப்புப் பேனையால் ஈவிரக்கமில்லாமல் வெட்டினவள். அப்படிப்பட்ட எனக்கு ஒரேயொரு மனுசியின் சாப்பாட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியாமற் போனது. ஓய்வு பெற்ற பிறகு இப்படியொரு அவமானம் வந்து சேரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அந்த மனுசியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் அல்ல. வேலணையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான் புதிதாக வந்தபோது அங்கே கணக்குப் படிப்பித்தவர், என்னைவிட நன்றாக மூத்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். வயலும் தோட்டமுமாக வாழ்ந்த குடும்பத்தின் பெரிய கல்வீட்டில் இப்போது தனியாக இருக்கிறார். பின்னேரமானால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்கள் ஒழுங்கைக்கு, இந்தக் குறுகிய தெருவுக்கு, வந்துவிடுவார். ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் திறந்து, சுகம் விசாரித்து, அரட்டை அடித்து, கடைசியாக என் வீட்டுக்கு வருவார். ஒழுங்கையில் எந்த வீட்டு மாடு கன்று போட்டாலும் எனக்கு முதல் அக்காவுக்குத்தான் தெரியும்.

போன மாரிமழைக்கு முன்பு வீட்டு வளவு கூட்டும்போது பனையின் கருக்குமட்டை அவருடைய கால்விரலைக் கிழித்துவிட்டது. எங்களுக்கென்றால் மஞ்சளைப் பூசிவிட்டு மறந்திருப்போம். அக்காவுக்குச் சலரோகம், சீனி வருத்தம், அதுவும் பழையது. காயம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டொக்டர் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள், ஆனால் கதை வெட்டொன்று துண்டிரண்டு.

"அம்மா, சீனி இறங்காட்டில் இந்த விரல் கறுக்கும். கறுத்தால் எடுக்கத்தான் வேணும். விரலோட நிக்குமெண்டு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன்."

திரும்பி வரும்போது பேருந்து மண்டைதீவைத் தாண்டியது. அக்கா கடலைப் பார்த்தபடி, "கால் இல்லாட்டில் நான் உங்கட ஒழுங்கைக்கு எப்பிடி வாறது?" என்றார்.  அழுகையை மறைக்க அவரை ஏசத் தொடங்கினேன். செருப்பில்லாமல் வளவு கூட்டச் சொன்னது யார் என்று தொடங்கி, வேலணையில் இறங்கும்வரை ஏசினேன். அக்கா கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த நாள் காலை அவருடைய குசினியை நான் பொறுப்பெடுத்தேன். சீனிப் போத்தல், பனங்கட்டிக் குட்டான், பிள்ளைகள் அனுப்பின சொக்கிளேற் எல்லாம் என் வீட்டுக்குப் போயின. காலையில் குரக்கன் பிட்டும் சம்பலும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒரு கை, மிச்சத் தட்டம் முழுக்க முருங்கையிலை வறை, வாழைப்பொத்தி, பாவற்காய், மீன். "இது சோத்துக்குக் கறியோ, கறிக்குச் சோறோ?" என்று அக்கா கேட்டார். ஆனாலும் ஒரு சொல் மீறாமல் சாப்பிட்டார். மகன் அனுப்பியிருந்த சின்ன மெசினில் விரலைக் குத்திச் சீனி பார்ப்பது என் வேலை. காலையில் பார்த்தால் எனக்குச் சந்தோசமாக இருக்கும். அந்தி பட்டுப் பார்த்தால் அந்தச் சந்தோசம் எல்லாம் போய்விடும்.

இரகசியமாக ஏதோ சாப்பிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரம் அலுமாரியைத் திறந்து சேலைகளுக்குள் கைவிட்டுத் தேடினேன். பூச்சி உருண்டைதான் கிடைத்தது. தலையில் துவாயோடு வந்து நின்று பார்த்த அக்காவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

"இஞ்சை பாரும், நான் கணக்கு ரீச்சர். களவெடுத்துத் தின்னுறதெண்டால் உம்மட்டைப் பிடிபடவே எடுப்பன்? இந்த வீட்டுக்கை நீர் தாறதைத் தவிர வேறை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை."

அது உண்மை. வீட்டுக்குள் என்று அவர் சொன்னதை நான்தான் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து, தேங்காய் துருவத் திருவலை இரவல் கேட்க ஒழுங்கை முகப்பில் உள்ள வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரையில் சாய்ந்தபடி அக்கா. கையில் பெரிய கிளாஸ், பால்மா தாராளமாகக் கரைத்த தேத்தண்ணி, மேலே நுரை. வீட்டுக்காரி என்னைக் கண்டதும் பெருமையோடு சொன்னாள்: "அக்காவுக்கெண்டால் நான் நாலு கரண்டி போடுவன்." அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு முற்றத்திலும் ஒரு கதிரை போட்டபடி இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை என்பது தேத்தண்ணியில் தெரியும். வீட்டு ஆட்களுக்குப் பாலில்லாத பிளேன்ரீ. வருகிறவருக்குப் பால் தேத்தண்ணி. மதிப்பானவர் என்றால் கரண்டி நிற்குமளவு சீனி. இப்படி வீட்டுக்கு வீடு மதிக்கப்பட்டுத்தான் என் வீட்டுக்கு வந்து, நான் போட்டுக் கொடுக்கிற சீனியில்லாத பிளேன்ரீயை அக்கா முகத்தைச் சுளித்தபடி குடித்திருக்கிறார்! ஒழுங்கை என்றும் பாராமல் கத்தினேன். அக்கா மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்து, கிளாசை வீட்டுக்காரியிடம் கொடுத்து, "நல்ல தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டி எனக்கு முன்னால் நடந்தார்.

அன்று அவருடைய காலுக்கு மருந்து கட்டும்போது கேட்டேன்.

"சீனி வருத்தம், குடிக்கேலாது எண்டு சொல்லுறதுக்கு உங்களுக்கு வாயில்லையோ அக்கா?"

"சொல்லலாம்." அக்கா காலைக் கொஞ்சம் நீட்டித் தந்தார். "எங்கட அப்பா உங்கட ஒழுங்கைக்கு வாறவர். தோட்ட வேலைக்கு ஆள் சொல்ல வருவார். நானும் கையைப் பிடிச்சுக்கொண்டு வருவன். கதிரை போடுவினம். கிளாசை ரெண்டு தரம் கழுவித் தேத்தண்ணி கொண்டு வருவினம். உங்கட வீட்டிலை குடிக்கமாட்டன் எண்டு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மரியாதையான மனுசன் பாரும். 'இப்பதான் குடிச்சனான்.' 'இண்டைக்கு விரதம்.' 'வயித்துக்குச் சரியில்லை.' ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம். அந்தக் கிளாஸ் திரும்பி உள்ளுக்குப் போறதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் மருந்துத் துணியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"எனக்கு உண்மையாத்தான் வருத்தம். ஆனா அந்த வாசலிலை நிண்டு வேண்டாமெண்டு நான் சொன்னால், அவைக்கு அப்பாவின்ரை குரல்தான் கேக்கும்."

எனக்குத் தெரியாத கதையல்ல அது. அக்காவின் ஆட்கள் எங்கள் ஆட்களின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். அவ்வளவுதான் சாதி, அதற்கு வேறு விளக்கம் இல்லை. திரும்பி உள்ளே போன கிளாசுகளில் எங்கள் வீட்டுக் கிளாசும் ஒன்று. அந்தத் தேத்தண்ணியை அம்மா ஊற்றிவிடமாட்டா. எங்களுக்குப் பங்கு பிரித்துத் தருவா. எங்களுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைப்பது அப்போதுதான். அதனால் வருகிறவர் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று ஆசைப்படுவோம். அம்மாவின் முகத்தை அப்போது நாங்கள் பார்க்கவில்லை. பெரியவளான பிறகுதான் அந்த முகம் எனக்கு ஞாபகம் வரத் தொடங்கியது.

நான் ஆசிரியையாகி எங்கள் வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த நாளில், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த எல்லோருக்கும் ஏதோ அவசரம் இருந்தது. அக்கா மட்டும்தான் இருந்து, "பெரிய கிளாசிலை தாரும்" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அதிலிருந்துதான் எனக்கு அவர் அக்கா.

எல்லாம் விளங்கியது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "அப்பா குடிக்காமல் விட்ட தேத்தண்ணியெல்லாத்தையும் நீங்கள் குடிச்சு முடிக்கேலாது அக்கா. விரல் போகப்போகுது" என்றேன். 

அவர் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன் என்று வீடு வீடாகப் போனேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூலைவீட்டு மாமியிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. அவருக்கு எண்பதை ஒட்டின வயது, என்னைத் தூக்கி வளர்த்தவர்.

"சீனியில்லாமல் எப்பிடிப் பிள்ளை குடுக்கிறது? சீனிக்கு வழியில்லாத வீடே இது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரீச்சர் வேண்டாமெண்டு சொன்னவவோ?" என்று கேட்டார். கேட்டபோது அவருடைய முகம் சிறுத்துப் போனதைக் கண்டேன். அம்மாவின் அதே முகம். அக்கா சொன்னது சரி.

"இல்லை மாமி, நான்தான் சொல்லுறன்."

"அப்ப நீ பேசாமல் இரு."

அடுத்த நாளிலிருந்து மாமி தயவு பண்ணி ஒரு கரண்டியைக் குறைத்தார். அந்தக் கிழமையே காயத்தின் ஓரம் கறுத்திருந்தது. மருந்து கட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. அக்கா என் தலையைத் தடவி, "அழாதையும். நாளைக்கு நீரும் என்னோட வாரும்" என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் இருவருமாக மூலைவீட்டுக்குப் போனோம். மாமி கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணியும் வந்தது. அக்கா கதிரையில் இருக்கவில்லை.

"தேத்தண்ணி வேண்டாம்" என்றார்.

மாமியின் கை நின்றது. கிளாஸ் கொஞ்சம் சரிந்து சேலையில் சிந்தியது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி திரும்புவதற்குள் அக்கா அவரைத் தாண்டி, நொண்டிக்கொண்டே, வீட்டுக்குள் போய்விட்டார். குசினிக்குள்ளிருந்துதான் அவருடைய குரல் கேட்டது.

"மத்தியானம் என்ன கறி வைச்சனீங்கள்? எனக்குப் பசிக்குது."

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் அமர்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிவிட்டு, சட்டி மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், கறி ஆறிப்போச்சு" என்று மாமி பதறினார்.

"ஆறினால் என்ன? சோறு வேண்டாம், இவ ஏசுவா. கறியை மட்டும் போடுங்கோ."

தேத்தண்ணி முற்றத்தோடு முடிகிற விசயம். கொஞ்சம் மனமுள்ள யாரும் முற்றத்தில் கதிரையில் இருந்து அதைக் குடித்துவிட்டுப் போகலாம். குசினிப் பலகையில் அமர்ந்து சட்டியிலிருந்து சாப்பிடுவது சொந்தக்காரர் மட்டும்தான். இவ்வளவு காலப் பழக்கத்தில் அக்காகூட எங்கள் ஒழுங்கையில் யாருடைய குசினிக்குள்ளும் போனதில்லை, யாரும் அழைத்ததும் இல்லை. மாமி முருங்கையிலை வறையும் சூடைமீன் குழம்பும் போட்டார். அக்கா விரலால் வழித்துச் சாப்பிட்டார். முள்ளைச் சப்பித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு இன்னொரு அகப்பை கேட்டார்.

"உப்புக் காணுமே, போதுமே?" என்று கேட்டார் மாமி. கேட்டுவிட்டு முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். சிந்தின தேத்தண்ணி அவருடைய சேலையில் காய்ந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும், இதை எப்போது யோசித்தீர்கள் என்று அக்காவைக் கேட்டேன். "யோசிக்கிறதென்ன? பசிச்சுது" என்றார். 

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமாக இருந்தது. மூலைவீட்டில் சாப்பிட்டவர் எங்கள் வீட்டில் ஏன் சாப்பிடவில்லை என்று சண்டை வரப் பார்த்தது. இதற்குத்தான் நான் காத்திருந்தேன். யார் வீட்டில் என்ன கறி என்று முறை வைத்தேன். ஒரு வீட்டில் வல்லாரைச் சம்பல், ஒரு வீட்டில் நெத்தலிச் சொதி, வெள்ளிக்கிழமையென்றால் வாழைப்பொத்தி வறை. மத்தியானச் சாப்பாடு பின்னேரத்துக்கு மாறிப் பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. சோறும் சீனியும் எங்கேயும் இல்லை. ஆளாளுக்கு மெச்சவேண்டும் என்று உப்பையும் உறைப்பையும் கூட்டினதில் அக்காவின் பிரசர் கொஞ்சம் ஏறியது. பிறகு நான் ஒவ்வொரு அடுப்படியிலும் நின்று உப்புக்குக் காவல் காத்தேன். என்னைக் கண்டால் மாமி உப்புச் சிரட்டையை ஒளித்து வைப்பார்.

அந்தியில் மெசின் காட்டியது மெல்ல மெல்லக் காலையில் காட்டியதை நெருங்கி வந்தது. கறுப்பு மேலே ஏறவில்லை. பிறகு உரிந்து விழுந்தது. கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்ததைக் கண்டபோது, அந்தக் காலைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. கொஞ்சவும் செய்தேன். அக்கா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு, "விசரி" என்றார்.

போன மாதம் அந்தச் சின்ன டொக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் மருந்து கட்டத் தேவையில்லை என்றாள். அன்று பின்னேரம் அக்கா இரண்டு காலிலும் செருப்போடு, நொண்டாமல், என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். முற்றத்துக் கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"தேத்தண்ணி போடட்டோ அக்கா?"

"வேண்டாம்."

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் உள்ளே போய் எனக்கு மட்டும் சீனி போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் இருந்து குடித்தேன்.