செல்லம்மாவின் சந்தைப் பை

ஒருவருடைய சுமையை வாங்கிக்கொள்வது எப்போது அவருடைய சுதந்திரத்தையும் பறிப்பதாகிவிடுகிறது?

குன்னூரிலிருந்து வந்த பேருந்து எஸ்டேட் வளைவில் நிற்கிறது. பேருந்தில் பேசிப் பழகி என்னோடு இறங்கும் செல்லம்மா, தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு ஏறும் பாதை செங்குத்தானது. அவருடைய சந்தைப் பையைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

“தம்பி, பைய கீழ வைங்க. அடுத்த வளைவு தாண்டினா மேல நிக்கிற மருமக பாத்துருவா.”

“கனமா இருக்குதேம்மா.”

“முட்டைக்கோசு கனமாத்தான் இருக்கும். நீங்க தூக்குறதப் பாத்தா, ‘இனிமே சந்தைக்கு நான் போறேன், நீங்க வீட்டுல இருங்க’ம்பா. அப்புறம் நான் டவுனப் பாக்குறது ஆஸ்பத்திரிக்குப் போறப்பத்தான்.”

வைத்துவிடுகிறேன். அவர் பையின் பிடிகளில் துண்டைக் கோத்து, கொழுந்துக் கூடையைப் போல நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு ஏறுகிறார். இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். நான் வெறுங்கையோடு பின்தொடர்கிறேன்.

“யாரு அத்தை அது?” என்று மேலிருந்து மருமகள் கேட்கிறார்.

“வழி தெரியாத ஆளு. கூட்டிட்டு வர்றேன்.”

அடுத்த வாரமும் அவர் சந்தைக்குப் போவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு, யாருடைய பையையும் கேட்காமல் நான் தொடுவதில்லை.