சாமுவேல் சாரைக் காணோம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கோவளம் கடற்கரையில் ஒரு ஜோடி செருப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செருப்புக்குப் பக்கத்தில் நாலாக மடித்த சட்டை. அதன்மேல் மூக்குக்கண்ணாடி. சட்டைப் பையில் கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆள் இல்லை.

எங்கள் தாம்பரம் ஓய்வு பெற்றோர் சங்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். மாதம் ஒரு நாள் எங்காவது வெளியே போய் வருவோம். டீச்சராக இருந்த காலத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளை எக்ஸ்கர்ஷன் கூட்டிப்போனவள் என்று என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளாவது அதட்டினால் பயப்படும். அறுபது வயசுக்காரர்களை அதட்டிப் பாருங்கள், தெரியும்!

இந்த மாதம் கோவளம். பதினாறு பேர், ஒரு வாடகை வேன். சாமுவேல் சாரை அனுப்ப அவர் மகள் எஸ்தர் லேசில் சம்மதிக்கவில்லை. அம்மா இறந்ததிலிருந்து அப்பாவை அஸ்தினாபுரத்து வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறக் கூடாது. சைக்கிளைத் தொடக் கூடாது. தனியாக ஸ்டேஷன் பக்கம் போகக் கூடாது.

"தண்ணி பக்கம் மட்டும் விட்டுடாதீங்க டீச்சர். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

"நான் ஆச்சு" என்றேன். சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை...

"இது சாமு கண்ணாடிதான்" என்றார் காதர் பாய். பொழிச்சலூர்க்காரர். தோல் பதனிடும் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர். தினமும் சாயங்காலம் இவரும் சாமுவேல் சாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எதற்காவது சண்டை போடுவார்கள். அப்படி ஒரு சிநேகம்.

"சவுக்குத் தோப்புப் பக்கம் ஒதுங்கியிருப்பார் பாய்."

"கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டா? நாலடி தள்ளி நின்னா அவனுக்கு ஆளே தெரியாது டீச்சர்."

கொஞ்சம் பொறுத்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "போன வாரம் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப, 'நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது பாய்'னான். நான் சிரிச்சிட்டேன். சும்மா இருடான்னு சொல்லிட்டேன்."

சட்டையின் அந்த ஒழுங்கான மடிப்பை மறுபடி பார்த்தேன்.

எல்லோரும் ஆளுக்கொரு திசையில் கூப்பிட்டோம். அலைச் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. எஸ்தர் முகத்தில் எப்படி விழிப்பேன்? யோசிக்க நேரமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த மீனவர் குப்பத்துக்கு ஓடினேன். இந்த முழங்காலோடு!

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, இப்டி ஓடியாறே?"

"ஒரு பெரியவர்... சட்டை கரையில கிடக்கு... உங்க ஆளுங்க கொஞ்சம் கடல்ல தேடணும்மா..."

"வெள்ளை மீசையா? பனியனோட?" என்றாள் அவள், வலையை விடாமல். "அது எங்க வூட்டுக்காரு கூட கட்டுமரத்துல குந்திக்கினு போய்க்கீது! காத்தாலேருந்து ஒரே கெஞ்சல். பேஜார் தாங்காம இட்டுக்கினு போனாரு. கிட்டக்கதான் வலை. எடுத்துக்கினு வந்துருவாங்க."

"அப்பாடா!" என்றேன். ஆனால் நான் வந்த திசையிலிருந்து கூச்சல் கேட்டது.

திரும்பி ஓடினேன். குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் கூடவே ஓடி வந்தார்கள்.

காதர் பாய் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தார். மார்பளவுத் தண்ணீர். "சாமூ! டேய் சாமூ!" கரையிலிருந்து எங்கள் ஆட்கள் கத்தியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பெரிய அலை ஒன்று வந்தது. பாயைக் காணோம்.

எவ்வளவு நேரம்? நாலு விநாடியா, பத்து விநாடியா? எனக்கு அது ஒரு யுகம். குப்பத்து ஆட்கள் பாய்ந்து, அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து போட்டார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு நடுங்கினார்.

"பாய், சாமுவேல் சாருக்கு ஒண்ணும் இல்ல. கட்டுமரத்துல போயிருக்கார்."

"பொய் சொல்றீங்க டீச்சர்" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. எனக்கே முழு நம்பிக்கை இல்லை. நீச்சல் தெரியாத, கண் தெரியாத, அறுபத்து மூன்று வயது ஆள்... நாலு கட்டைகளைக் கயிற்றால் கட்டிய ஒன்றின் மேல். முக்கால் மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் ஜெபம் செய்தார். ஒருவர் கந்தர் சஷ்டி சொன்னார். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை யாரும் தொடவில்லை.

கடைசியில் அலைக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி பெரிதாகி, இரண்டு ஆளானது. முன்னால் மண்டி போட்டு, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு — சாமுவேல் சார்!

வாழ்நாளில் எந்த மாணவனையும் நான் அப்படித் திட்டியதில்லை. "என்ன நினைச்சிட்டிருக்கீங்க நீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா விட்டிருப்பீங்களா டீச்சர்?"

மடித்த சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஹார்பர் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் கப்பல் பேரா எழுதினேன். ஒண்ணுல கூட ஏறினதில்ல. வீட்ல இப்ப மாடிப்படியே ஏற விடமாட்டாங்க. அங்க கடல்ல பயமா இருந்துச்சு டீச்சர். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் கண்ணாடியை மாட்டினார். குப்பத்தில் கொடுத்த போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த காதர் பாய் தெரிந்தார். சிரிப்பு நின்றுபோனது.

"எனக்காகவா இறங்கினே?"

காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அஸ்தினாபுரத்தில் எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் சாமுவேல் சாரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அழுதாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. நியாயம்தான்.

காதர் பாய்க்கு மூன்று நாள் ஜுரம். சாமுவேல் சார் தினமும் தனியாக பஸ் பிடித்துப் பொழிச்சலூர் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "போயிட்டு வாங்கப்பா" என்று அனுப்பி வைத்தது எஸ்தர்தான். முதல் இரண்டு நாளும் காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

யோசித்துப் பார்க்கிறேன். வயசானவர்களைப் பத்திரமாக வைக்கிறோம் என்று நாம் பூட்டி வைக்கிறோம். அவர்களோ, பூட்டை உடைத்துக்கொண்டு போகிறபோது பின்னால் ஒருத்தர் பதறுவார் என்பதை மறந்துவிடுகிறார்கள். யார் மேல் தப்பு? எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை நான் போனபோது காதர் பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் முதல் தடவையாகச் சாமுவேல் சாரைப் பார்த்துப் பேசினார்.

"எவ்ளோ தூரம் போனே?"

"கண்ணாடி இல்லாம எங்க தெரியுது பாய்?"

காதர் பாய் போர்வையை உதறித் தள்ளினார். பிறகு, "இனிமே என்னை விட்டுட்டுப் போனே... கொன்னுடுவேன்" என்றார்.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் இந்த மாதிரி சாகசத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன் — கட்டுமரத்தில் இவர்கள் இரண்டு பேரோடு மூன்றாவதாக எனக்கும் இடம் இருக்குமா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்களேன்!