ஏ.சி.யை அணைத்துவிட்டு ஒரு இன்டர்வியூ

அமீரகத்தின் அல் ஐனில் நான் ஏ.சி. மெக்கானிக். ஆனால் அன்று மத்தியான வெயிலில், ஏ.சி.யை அணைத்துவிட்டு கம்பெனி வேனுக்குள் அடைந்து கிடந்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து போனில் இன்டர்வியூ. இரைச்சல் கேட்டுவிடக் கூடாதே!

அந்தக் கம்பெனி ஆஃபர் கொடுத்து ஸ்பான்சர் செய்தால், குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைக்கும். இங்கே விஷயம் கசிந்தாலோ உள்ளதும் போய்விடும். இப்படி வெளிநாட்டுக்கு முயற்சி செய்த என் ரூம்காரனை, எங்கள் அரபி முதலாளியான கஃபீல் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பியிருந்தார்.

திடீரென்று வேன் கதவு திறந்தது. எங்கள் மேனேஜர், கீழக்கரை பாய். ஸ்பீக்கரில் இன்டர்வியூ எடுத்தவரின் குரல் கேட்டது: “உங்கள் மேனேஜரிடம் பேசலாமா?”

பாய் கையை நீட்டினார். தொலைந்தேன் என்று போனைக் கொடுத்தேன்.

“என்கிட்ட இருக்கிறதுலயே நல்ல வேலைக்காரன் இவன்தான். விட மனசில்லை. ஆனா நீங்க கூட்டிக்குங்க” என்று இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்.

போனைத் திருப்பித் தந்தவர், வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் பேசினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. எனக்கும் புள்ளைங்க இருக்கு.”

ஆஃபர் வந்தது. பி.ஆரும் வந்தது. நான் கிளம்பிய பிறகு, எனக்கு யார் சிபாரிசு செய்தது என்று கஃபீல் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். பாயின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.