கட்டில் வரைக்கும் வந்த கார்

என் அக்கா புருஷனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொன்னால் ஊரே என்னை அடிக்க வரும். இங்கே ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அத்தான்தான் வாத்தியார். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன். அவருக்கு நிறுத்தத் தெரியும், அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழே வாத்தியாருக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஆயுசில் பெரும்பகுதியை அந்த இருக்கையில் கழித்தவர் அவர். படபடப்பு வந்தால் காலை ஊன்றுவார். சினிமா பார்க்கும்போதும் ஊன்றுவார், அக்கா கொஞ்சம் வேகமாகக் குழம்பு ஊற்றினாலும் ஊன்றுவார்.

அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கார் சாவி லேசில் கிடைக்காது. வீட்டுக் கூடத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பழைய இரும்புக் கடையில் பிடித்த ஒரு ஸ்டியரிங், கீழே கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்று மரக்கட்டைகள். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். "நாற்காலியில ஒழுங்கா ஓட்டாதவங்களுக்கு நான் சாவி குடுக்கிறதில்ல" என்பார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது இண்டிகேட்டர் போடவில்லை என்று ஒரு பல் டாக்டரை மாதக்கணக்கில் உட்கார வைத்திருந்தார். அந்த டாக்டர் இந்தக் கதையின் கடைசி வரைக்கும் வருவார், பாவம்.

அத்தானுக்கு ஒரே மகள். பிரேக்கெல்லாம் அவளுக்குத்தான். படிக்கிறாளா, தூங்குகிறாளா, போனில் பேசுகிறாளா என்று பார்க்க நினைத்த நேரமெல்லாம் அவள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நிற்பார். அவள் உள்ளே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தாள். இவர் ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார். கதவில் திருகாணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். அது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆனால் அக்கா வீட்டு விஷயத்தில் தம்பி எவ்வளவு வாயைத் திறக்க முடியும்?

அவள் கடல் தாண்டி ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே ஒருவனைப் பிடித்துப்போய், கல்யாணத்துக்கு வந்து நிற்கும்படி அப்பனைக் கூப்பிட்டாள். அத்தான் போனில் வீடு அதிரக் கத்தினார். "உன் வீட்டுக்கு நான் விமானம் ஏறி வருவேன்னு கனவுலகூட நினைக்காதே!" என்று சொல்லி போனை வைத்தார். கல்யாணம் அவர் இல்லாமலே நடந்தது. அப்புறம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை.

கோபம் தணிய வருஷங்கள் ஆயின. தணிந்த பிறகுதான் பெரிய தொல்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்று உயிர் அடித்துக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தால் அவள் இடத்தையே பார்ப்பார். ஆனால் சொன்ன சொல் குறுக்கே நின்றது. வாத்தியார் சொல் மாறலாமா? கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள்.

"விமானத்துலதானே வரமாட்டேன்னு சொன்னீங்க? வாசல்ல கார் நிக்குது. தண்ணி வந்தா கப்பல்ல ஏத்திக்கலாம்."

அத்தான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அன்றைக்கே உலக வரைபடம் வாங்கி வந்தார். சாலை வழியாக நாலு நாடு, பிறகு காரையும் நம்மையும் சேர்த்து ஏற்றிக்கொள்கிற கப்பல், அக்கரையில் இறங்கினால் மகள் இருக்கும் நாடு. நாடு விட்டு நாடு போக வேண்டுமென்றால் காருக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு காகிதம் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். உடனே காரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று போட்டோ எடுத்தார். என் வீடு அதே வீட்டு மாடி என்பதால் வெயில் கூசாமல் திரை பிடிக்கும் வேலை எனக்கு. போட்டோவில் கார் சிரிக்கக் கூடாது என்று நான் சொன்னதை அவர் நம்பி, முன் பம்பரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

கப்பல் டிக்கெட் போடும் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னைக்கு சார் கிளம்புறீங்க?" என்றாள். அத்தான் காலைத் தரையில் ஊன்றினார். "முதல்ல ஒத்திகை பாக்கணும்மா" என்று எழுந்து வந்துவிட்டார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் பாழாய்ப் போயின. அக்கா வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். அறைக்குப் பின்னால் அறை. கூடம் எங்கள் நாடு. நடைபாதை இரண்டாம் நாடு. சாப்பாட்டு அறை மூன்றாவது. சமையலறை நான்காவது. அதைத் தாண்டினால் அத்தானும் அக்காவும் படுக்கும் அறை. அதில் இருக்கும் பெரிய கட்டில்தான் கப்பல். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மகளின் அறைக் கதவு. அதுதான் அவள் வீடு, போய்ச் சேர வேண்டிய இடம்.

நாலு நாற்காலி சேர்ந்தால் ஒரு கார். ஸ்டியரிங் முக்காலியையும் மரக்கட்டைகளையும் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் அறைக்கு அறை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தால் அது ஓடுகிறது என்று அர்த்தம். முன்னால் அத்தான், பக்கத்தில் அக்கா, பின்னால் பல் டாக்டர். இதுவும் பாடத்தில் சேர்த்தி என்று டாக்டர் நம்பியிருந்தார். பின்னால் இன்னொரு நாற்காலியில் தலையணைகள், அவை சாமான். நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை செய்கிறவன் என்பதால் எல்லை அதிகாரி வேலை தானாக என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு வாசற்படியிலும் ஸ்டூல் போட்டு உட்காருவேன். பொய் சொல்வானேன், எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தால் "சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க" என்று ஜன்னலை மூடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அத்தான் ஹாரன் அடிப்பார், வாயால்தான்.

ஒருமுறை பால் பொங்கிவிடும் என்று அக்கா ஓடும் காரிலிருந்து குதித்து நான்காம் நாட்டுக்குள் ஓடினாள். பாஸ்போர்ட் இல்லை, ஒன்றும் இல்லை. நான் விடவில்லை, பிடித்து வைத்தேன். அத்தான் மூன்றாம் நாட்டில் நின்றுகொண்டு கெஞ்சினார். "மச்சான், அவ என் சம்சாரம்டா." நான், "சம்சாரம்னு காகிதத்துல இருக்கா?" என்றேன். அன்றைக்கு அக்கா எனக்குச் சாப்பாடு போடவில்லை. அதிகாரி என்றால் நாலு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவும் தாண்டி ஒருவழியாகக் கப்பலுக்கு வருவோம். நாற்காலிகளையும் ஸ்டியரிங்கையும் கட்டைகளையும் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்து, அவற்றின் மேல் ஏறி எல்லோரும் உட்காருவோம். தலை மின்விசிறியில் இடிக்கும் என்பதால் அதை நிறுத்திவிடுவோம். "கடல்ல காத்தே இல்லாம எப்படி?" என்று அத்தான் குறைப்படுவார். மெத்தை ஆடும். டாக்டருக்கு நிஜமாகவே குமட்டும். அங்கிருந்து கைநீட்டினால் மகளின் கதவைத் தொட்டுவிடலாம். அங்கே வந்ததும் அத்தானின் கால் பிரேக் கட்டையை அழுத்தும். "அலை அதிகமா இருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்" என்று இறங்கிவிடுவார்.

வாரா வாரம் இதே கதைதான். டயர் பஞ்சர், கப்பல் பழுது, புயல் எச்சரிக்கை. ஒரு வாரம் கடற்கொள்ளைக்காரர்கள். அத்தனை நாடு தாண்டிய மனுஷன் அந்தக் கதவை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஒருநாள் அக்கா பொறுமை இழந்தாள்.

"நாற்காலியிலயே போய்ச் சேர மாட்டேங்கிறீங்க. நிஜமா எப்படிப் போவீங்க? உங்களுக்கு அவளைப் பாக்க பயம். அதைச் சொல்லுங்க, நான் நாற்காலியெல்லாம் எடுத்து வச்சுடறேன்."

 அத்தான் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. 

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இரண்டாம் நாட்டில், அதாவது நடைபாதையில், தலையணைகளைச் சரிசெய்துகொண்டிருந்தோம். வாசலில் டாக்ஸி நின்ற சத்தம் கேட்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். அக்கா போனில் அவளிடம், "உங்கப்பா கட்டில் வரைக்கும் வந்துட்டாரு, அதுக்குமேல வரமாட்டேங்கிறாரு" என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் நாற்காலிகளைப் பார்த்தாள். தலையணைகளைப் பார்த்தாள். டாக்டர் வணக்கம் சொன்னார். அவள் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். எனக்குப் பழக்க தோஷம், "பாஸ்போர்ட்" என்று கையை நீட்டிவிட்டேன். "தள்ளு மாமா" என்றாள். மிச்சமிருந்த எல்லைகளையும் நிற்காமல் தாண்டி, கட்டிலை ஒட்டிப் போய், தன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

 அக்காதான் சொன்னாள்: "அவ அவ வீட்டுக்குப் போயிட்டா. வண்டியை எடுங்க."

"சார், இது டெஸ்ட்ல வருமா?" என்றார் டாக்டர்.

"வரும்" என்றாள் அக்கா.

அத்தான் கியர் போட்டார். அன்றைக்குப் போல அவர் என்றைக்கும் ஓட்டியதில்லை. நான் எந்த எல்லையிலும் வாயைத் திறக்கவில்லை, எழுந்து நின்று வழிவிட்டேன். கட்டிலில் நாற்காலிகளை ஏற்றினோம். மின்விசிறியை நிறுத்தினோம். மெத்தை ஆடியது. கதவு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அத்தான் கால் பிரேக்கைத் தேடியது. அக்கா குனிந்து, அந்த மரக்கட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அலை ஒண்ணும் இல்ல. இறங்குங்க."

அத்தான் இறங்கினார். வழக்கப்படி கதவைத் தள்ளத்தான் கை போனது. கண்ணுக்கு நேரே அந்தத் திருகாணி ஓட்டைகள். கையை இழுத்துக்கொண்டார். சட்டையைச் சரிசெய்தார். பிறகு கதவைத் தட்டினார். அந்த வீட்டில் அவர் ஒரு கதவைத் தட்டி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"யாரு?"

"நான்தாம்மா. அப்பா."

"எதுல வந்தீங்க?"

"கார்ல. அப்புறம் கப்பல்ல." கொஞ்சம் பொறுத்து, "விமானத்துல வரல" என்றார்.

உள்ளே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "தாழ்ப்பாள்தான் இல்லையே. தள்ளினா திறந்துக்குமே. எதுக்குத் தட்டுறீங்க?"

"இது வேற நாடாச்சேம்மா" என்றார் அத்தான்.  "நீ விட்டாத்தானே வரமுடியும்?"

கதவு ஒரு சாண் திறந்தது. அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனாலும் முகத்தை அதிகாரி மாதிரி வைத்துக்கொண்டு, "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டாள். என் மருமகளாயிற்றே.

அத்தான் திரும்பிப் பார்த்தார். கட்டிலின் மேல், நாற்காலியை விட்டு மெத்தைக்கு இறங்கி, டாக்டர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலில் காற்று வரட்டும் என்று அக்கா மின்விசிறியைப் போட்டுவிட்டிருந்தாள்.

"கப்பல் கிளம்பிடுச்சும்மா" என்றார் அத்தான். "திரும்பிப் போக வழியில்ல."

அவள் கதவை முழுதாகத் திறந்து வழிவிட்டாள்.