மூன்றாவது நடுவரின் ஞாயிற்றுக்கிழமை

குத்துச்சண்டையில் அடி வாங்குவது இரண்டே பேர் என்று நினைப்பவர்கள் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்குப் போய்ப் பாலேந்திரனை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். மேடையில் கால் வைக்காமலே அடி வாங்கிய மனிதர் அவர். செய்ததெல்லாம் மேடையோரம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர். அரச வேலையில் மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் பிந்திப் பிந்திக் கடைசியில் இல்லாமலே போனது. இளமையில் கையுறை மாட்டியவர் என்பதால் பாடசாலைப் போட்டிகளுக்கு நடுவராகப் போனார், பிறகு தொழில்முறைப் போட்டிகளுக்கும் கூப்பிட்டார்கள். கொஞ்சம் முசுடு. மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதிரை, ஓர் அலுமாரி, ஒருவருக்கு மட்டும் சோறு வேகும் சட்டி. குடித்தனம் அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு ஒரு வீடு இருந்தது. கம்பளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹுஸைனின் வீடு. அலுவலகத்துக்குச் சாமான் வாங்கப் போய்த் தொடங்கிய சிநேகம், சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிட்டது. பாலேந்திரன் மாட்டிறைச்சி தொடமாட்டார். அதனால் ஹுஸைனின் மனைவி றலியா ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஆக்குவதே இல்லை, மீன்தான்.

"ஒங்களால நானும் பாதிச் சைவமாகிட்டேன் பாலா" என்று ஹுஸைன் ஒவ்வொரு வாரமும் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே பெரிய துண்டை நண்பரின் பக்கம் தள்ளுவார்.

அந்த வீட்டு மகன் ஸிபான்தான் குத்துச்சண்டைக்காரன். தேசியப் பட்டத்துக்கான சண்டை கண்டியில் நடப்பதாகவும், அவனுக்கு எதிராக மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன் றொசான் இறங்குவதாகவும் முடிவானது. மூன்று நடுவர்களில் ஒருவராகப் பாலேந்திரனைப் போட்டார்கள். ஸிபானின் வீட்டில் தான் சாப்பிடுகிறவர் என்பதை அவர் ஒளிக்காமல் சொன்னார். கண்டியில் யார் வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று சிரித்துவிட்டார்கள். அப்போதாவது விலகியிருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டார்.

விலகுவதற்குப் பதிலாகக் கம்பளைப் பயணத்தை நிறுத்தினார். போட்டி முடியும்வரை போட்டியாளர் ஒருவரின் வீட்டில் நடுவர் கை நனைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஹுஸைனும் மறுக்கவில்லை.

"முடிஞ்ச அடுத்த ஞாயிறு வாங்க. சேத்து வெச்சுத் திம்போம்" என்றார்.

சண்டை கடைசிச் சுற்றுவரை இழுபட்டது. மூன்றாம் சுற்றில் ஸிபான் ஒரே குத்தில் றொசானைத் தரையில் உட்கார வைத்தான். அதன் பிறகு றொசான் புள்ளி புள்ளியாகக் கடனை அடைத்துக்கொண்டே வந்தான். நடுவர்கள் மூவரும் மேடையின் மூன்று பக்கங்களில், ஒருவரோடொருவர் பேசாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புள்ளித் துண்டை மேடையில் நிற்கும் மத்தியஸ்தரிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. ஒரு நடுவர் ஸிபானுக்கு வெற்றி என்றார், மற்றவர் றொசானுக்கு என்றார். மூன்றாவதாகப் பாலேந்திரனின் கணக்கை அறிவிப்பாளர் வாசித்தார்: தொண்ணூற்றைந்துக்குத் தொண்ணூற்று நான்கு, றொசான். கடைசிச் சுற்றைப் பாலேந்திரன் மாற்றிப் போட்டிருந்தால் பட்டம் கம்பளைக்கு வந்திருக்கும்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தமிழன் தமிழனுக்குக் கொடுத்துவிட்டான் என்றது கம்பளைக் கடைத்தெரு. யாழ்ப்பாணத்தார் தோட்டத்தாரை எந்தக் காலத்தில் தம் சனம் என்று தூக்கி வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கோபத்துக்குச் சரித்திரம் தெரியாது.

அடுத்த ஞாயிறு, சொன்ன சொல்லை நம்பி, பாலேந்திரன் ரயிலேறினார். ஞாயிறு முற்பகலில் ஹுஸைன் கடையில்தான் இருப்பார். நண்பர் வந்ததும் அடைத்துவிட்டு இருவருமாக வீட்டுக்குப் போவது வழக்கம். அன்று ஹுஸைன் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க சேர், என்ன வேணும்?"

இத்தனை வருடத்தில் அவர் வாயில் 'சேர்' வந்ததே இல்லை. பாலேந்திரன் கண்ணில் பட்ட ஆணிப் பெட்டியைக் காட்டினார்.

"இரண்டங்குல ஆணி. கால் கிலோ" என்றார்.

ஹுஸைன் நிறுத்துச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பொட்டலம் இன்னும் அலுமாரியின் மேல் பிரிக்காமலே கிடக்கிறது. அதை அடிக்க அந்த அறையில் அவருக்கு என்ன இருக்கிறது?

பிறகு வந்த ஞாயிறுகள் மிக நீளமாக இருந்தன. காலையில் சவரம் செய்து வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொள்வார், பழக்கதோஷம். போட்ட பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவு வரும். கழற்றிவிட்டுப் பருப்பை அடுப்பில் வைப்பார். யாரோடும் பேசாமலே பொழுது இருட்டிவிடும்.

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் கதவு தட்டப்பட்டது. ஸிபான் நின்றான். சண்டையில் பட்ட புருவக் காயம் ஆறியிருந்தது.

"வாப்பா அனுப்பினார் அங்கிள்" என்றான், கதிரையின் நுனியில் உட்கார்ந்து. "கடைசி ரவுண்டுல பிழை விட்டுட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, திரும்ப சண்டை வெக்கச் சொல்லிக் கேக்கலாமாம். பெறகு பழைய மாதிரி வீட்டுக்கு வரட்டும்னார்."

பாலேந்திரன் கட்டிலில் அமர்ந்தார். ஒரே வார்த்தை. நடுவரும் மனிதர்தானே, யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்த மேசை, அந்த முணுமுணுப்பு, எல்லாம் திரும்பி வந்துவிடும். தான் பிழைவிட்டிருக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆசைப்பட்டார்.

"தம்பி, அந்தச் சுற்று உம்மட ஃபோனில இருக்கோ?"

இருந்தது. அவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். அன்று மண்டபம் முழுக்க ஸிபானின் ஆட்கள். அவன் குத்து றொசானின் கையுறையில் பட்டதற்கெல்லாம் கூரை அதிர்ந்தது. சத்தம் இல்லாமல் பார்த்தால், றொசானின் இடது கை மட்டும் சின்னதாக, நேராக, திரும்பத் திரும்ப முகத்தில் போய்ப் பட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் போட்டுப் பார்த்தார். அதே கைதான் பட்டது.

"எனக்கு இப்பவும் றொசானுக்குத்தான் தம்பி. மாத்திச் சொல்லேலாது."

ஸிபான் கோபிப்பான் என்று எதிர்பார்த்தார். அவன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"எனக்கு சண்டை முடிஞ்ச அண்டைக்கே தெரியும் அங்கிள். கடைசி ரவுண்டுல கை தூக்க ஏலாமப் போச்சு. அவன்தான் வென்டான்."

பாலேந்திரனுக்கு நெஞ்சில் ஒரு கதவு திறந்தது.

"அப்ப அதை வாப்பாட்டைச் சொல்லுமன் தம்பி. நீர் சொன்னா அவர் நம்புவார்."

"சொல்ல ஏலா. கடைக்கு வாற எல்லாருக்கும், என்ட மகன்ட பட்டத்தைக் களவெடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டுத்தான் அவர் நிமிந்து ஈக்கிறார். நான் தோத்துட்டேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போவார். அவருக்கு இது தெரிய வாணாம் அங்கிள்."

"அப்ப வீட்ட போய் என்ன சொல்லப் போறீர்?"

"நீங்க மாட்டேன்னுட்டீங்கன்னு."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பாலேந்திரன் எழுந்து அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றார். அவர் முகம் ஸிபானுக்குத் தெரியவில்லை.

"ஓம்" என்றார். "அப்பிடியே சொல்லும்."

ஸிபான் எழுந்து, கதவடியில் செருப்பை மாட்டும்போது நின்றான்.

"உம்மா இன்னும் ஞாயித்துக்கிழமையில மாட்டிறைச்சி ஆக்குறல்ல. வாப்பா ஏசுவார். பழகிப் போச்சுங்குறா."

அவன் படியிறங்கிப் போன பிறகு பாலேந்திரன் அரிசி களைந்தார். இந்நேரம் கம்பளையில் றலியா மீன் குழம்பை இறக்கியிருப்பாள். ஹுஸைன் முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார், பெரிய துண்டைத் தள்ள அந்தப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். வெள்ளைச் சேர்ட்டைக் கழற்ற மறந்தே அவர் அடுப்பைப் பற்ற வைத்தார்.