வெள்ளையாகத் துப்பியவர்கள்

பழி வாங்குவது பாவம் என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள். எட்டாவதோடு நின்றவள் நான். இன்றைக்கு விழுப்புரம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் என் மாவு மில்லுக்கு வழி சொல்வார்கள். யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல அது. ஆனாலும் மில் திறந்த நாளைவிட, ஒலக்கூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், ஒருத்தியைத் தலைகுனிய வைத்தேனே, அந்தச் சாயங்காலம்தான் எனக்கு இன்னும் இனிக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் சமூக சேவைப் பயிற்சியில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் சேரிக்குள் நுழையும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் பொத்தவில்லை. எனக்கு ஒலக்கூர்ப் பக்கத்து ஊர் ஒன்று. அங்கே ஏழைக் குடும்பங்களுக்குப் பால் பவுடர் கொடுத்து, வெந்நீரில் கரைக்கக் கற்றுத்தர வேண்டும். யார் கரைத்தார்கள்? வெந்நீர் வைக்கச் சுள்ளி ஏது? ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் இனிக்கும்.

அந்த ஊர்ப் பண்ணையம்மாவுக்கு ஒரு பழக்கம். செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்த பெண்கள் வேலை விடும்போது அவள் கண்ணெதிரே வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பச்சை மல்லாட்டை மென்றிருந்தால் எச்சில் பால் மாதிரி வரும். வந்தால் மறுநாள் வேலை கிடையாது. அந்தப் பருவத்தில் அங்கே வேறு வேலையும் கிடையாது.

என் பொறுப்பில் இருந்த குடும்பங்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி, புருஷன் படுத்த படுக்கை. நான் கொடுத்த பவுடரை வாயில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வெள்ளையாகத் துப்பினாள்.

"திருட்டுக் கழுத! நாளையிலேந்து இந்தப் பக்கம் வராத!"

"சாமி சத்தியமா மல்லாட்டை இல்லீங்கம்மா, டீச்சரம்மா குடுத்த பால்மாவுங்க."

நான் போய் எடுத்துச் சொன்னேன். பண்ணையம்மா சிரித்தாள். "எட்டாவது படிச்சிட்டு எனக்கே மல்லாட்டையப் பத்திப் பாடம் எடுக்கிறியா? எங்க, நீயும் துப்பு, பாக்கலாம்" என்று சொம்பை நீட்டினாள். என்னோடு வந்த பயிற்சிக்காரிகள் முந்தானைக்குள் சிரித்தார்கள். நான் கொப்பளித்துத் துப்பினேன். வந்தது வெறும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்குத்தான் கணக்குத் தீர்க்க முடிவு செய்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் அம்மாளிடம் சொன்னால், "பெரிய இடத்தோட மோதாத. நாம பாக்க வந்தவங்க, பஞ்சாயத்துப் பண்ண வரல" என்றார்.

கைக்குழந்தைக்காரியின் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சாம்பல்கூடச் சூடில்லை. பிள்ளை மார்பை விட்டுவிட்டு வீறிட்டது. "பால் வரல டீச்சரம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் மயிலம் பக்கம் வானம் கறுத்திருந்தது. பிடுங்கிய செடிகள் கொல்லை முழுக்கக் குவிந்து கிடந்தன. நனைந்தால் காயெல்லாம் முளைத்துவிடும். பவுடர் டின்னோடு போய், ஆய்ந்துகொண்டிருந்த பெண்களிடம் சொன்னேன்.

"வேலை விடறதுக்கு முன்ன ஆளுக்கு ஒரு கை வாயில போட்டுக்கினு வாங்க."

பொக்கைவாய்க் கிழவி ஒருத்தி கையை நீட்டினாள். "எனக்கு ரெண்டு கை போடு. பல்லே இல்லாதவ எப்பிடி மல்லாட்டையத் தின்னான்னு அந்த மவராசியே சொல்லட்டும்!"

சாயங்காலம் ஒவ்வொருத்தியாக வந்து துப்பினாள். வரப்பு வெளுத்துப்போனது. கிழவி துப்பிவிட்டு ஈறைத் திறந்து காட்டினாள். பண்ணையம்மா வெளுத்த வரப்பைப் பார்த்தாள், குவிந்து கிடந்த செடிகளைப் பார்த்தாள். வானம் இடித்தது.

"சரி சரி, போங்க. காலையில ஜல்தி வந்துடுங்க" என்றாள்.

ஒருத்தியும் அசையவில்லை. நான்தான் பேசினேன். "நீங்க நிறுத்தின கைக்குழந்தைக்காரியும் வந்தாதான் இவங்க வருவாங்க. ஆள் அனுப்பாதீங்க. நீங்களே போய்க் கூப்பிடுங்க."

"சேரிக்கு நானா?"

"மழை வருதும்மா."

வந்தாள். அந்த மண்ணை மிதிக்காதவள், சேவை செய்ய வந்த எனக்குப் பின்னால் நடந்து வந்து, தெருமுனையில் நின்று கூப்பிட்டாள். கைக்குழந்தைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இருங்கம்மா, வாய் கொப்பளிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே போனாள்.

நிதானமாகத்தான் கொப்பளித்தாள். தூறல் விழுந்தது. பண்ணையம்மா நனைந்துகொண்டே நின்றாள். நான் காலியான பவுடர் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.