பிரியத்துக்குக் கொடுத்த குட்டி

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். எழுத்துக்கு அங்கே வேலை கிடையாது. பூந்தோட்டம் வைத்திருக்கும் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் பிச்சியும் மல்லியும் கேந்தியுமாகச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் தராசைப் பார்த்து எடையைச் சொல்வார், விலையைச் சொல்வார். வெயில் ஏறிய பிறகு வந்து துட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தனும் துண்டுச் சீட்டு கேட்டது கிடையாது.

"சீட்டு எதுக்குவே? என் வாயி இருக்குல்லா" என்பார்.

அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தார். படித்த கணக்குப்பிள்ளைகளை வைத்துக் கமிஷன் கடை நடத்தியவர்கள் ஷட்டரை இழுத்துவிட்டுப் போன இடத்தில், நாலாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் இரண்டு கடை, ஒரு லோடு வண்டி, மாடி வைத்த வீடு என்று நிமிர்ந்து நின்றார். யார் கொடுத்தது? எவனும் கொடுக்கவில்லை. பூக்கூடையைத் தலையில் சுமந்த நாளிலிருந்து தானாக ஏறி வந்த உயரம் அது.

கூடை சுமந்த அந்த நாளில், வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்கு விசேஷத்துக்குப் பூ கொண்டு போவார். கேட்டுக்கு உள்ளே கன்னி ஜாதி வேட்டை நாய் ஒன்று நிற்கும். மை கறுப்பு, நெஞ்சிலும் காலிலும் மட்டும் செம்பட்டை, ஒட்டிய வயிறு. அது குரைக்காது. நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்கு இந்தப் பக்கமே அவர் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். யாராவது வந்து கூடையை வாங்கிக்கொண்டு "போலே" என்று சொன்னால் போகலாம்.

புது வீட்டுக்குக் கேட் போட்டதும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நாய்தான். அதே வம்சத்தில் ஒன்று தன் கேட்டில் நின்று பார்க்க வேண்டும். வேறு ஆசை அவருக்குக் கிடையாது.

பண்ணை வீட்டை இப்போது பழைய பண்ணையாரின் பேரன் சபரிநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனைவி கோமதித்தாயோடு காரில் போய் இறங்கினார் தங்கப்பழம். சபரிநாதனே கேட்டைத் திறந்தார்.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க."

அந்த வீட்டு வாயிலிருந்து அண்ணாச்சி என்ற சொல் வந்ததில் தங்கப்பழத்துக்கு அரை உயிர் மேலே போய்விட்டது. மீதி அரை உயிரையும் அடுத்த பேச்சு கொண்டு போனது.

"எங்க வீட்டுல நாய விக்கிறது கிடையாது, அண்ணாச்சி. தாத்தா காலத்துலயிருந்தே அப்படித்தான். வேண்டியவங்களுக்குக் கொடுப்போம். நீங்க வேண்டியவங்க. தட்டுல உங்க பிரியம் எதுவோ அதை வைங்க, போதும்."

பிரியம் எவ்வளவு என்பதை அங்கே நின்ற கணக்குப்பிள்ளை தங்கப்பழத்தின் காதோடு சொன்னார். கோமதித்தாய் பையைத் திறந்து எண்ணி எண்ணி வெற்றிலைத் தட்டில் வைத்தாள். எண்ணுகிறபோதே கேட்டாள்: "தடுப்பூசி போட்டாச்சாய்யா?"

"எல்லாம் போட்டாச்சு அக்கா. இந்தாங்க, அட்டை" என்று நீட்டினார் சபரிநாதன்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்வரை அவள் பொறுத்திருந்தாள். "கறவை மாடு வாங்குத துட்டு. இதுக்குப் பேரு பிரியமா? ஒரு ரசீது கேட்டிருக்கலாம்லா?"

"ஏட்டி, வேண்டியவங்ககிட்ட எவனாவது ரசீது கேப்பானா? பேசாம வா."

மறுநாள் விடிந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்துவிட்டார். ஜமீன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பக்கத்துக் கடை லிங்கேஷ் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே கேட்டான்: "எவ்வளவு அண்ணாச்சி?"

"எவ்வளவா? அந்த வீட்டுல துட்டுக்கு நாய் கிடைக்குமாலே? ஒரு பைசா வாங்கமாட்டேன்னுட்டாரு. 'அண்ணாச்சி, உங்களுக்கு இல்லாததா'ன்னு மடியில தூக்கி வச்சாரு. யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாத?"

மத்தியானத்துக்குள் அந்த வீடியோ பூ வியாபாரிகளின் போனெல்லாம் சுற்றிவந்து அவர் போனுக்கே திரும்பி வந்தது. அவர் அதை நாலு தடவை பார்த்தார்.

அன்று சாயங்காலமே குட்டி பாலைத் தொடவில்லை. ராத்திரி வாந்தி. காலையில் ரத்தமாகக் கழிந்து, புது டைல்ஸ் தரையெல்லாம் நாற்றம்.

"உங்க ஜமீன் பண்ணி வச்சிருக்கத வந்து பாருங்க" என்று கூப்பிட்ட கோமதித்தாய், கிட்டே போய்ப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டாள். குட்டி தலையைத் தூக்க முடியாமல் அவள் காலடியில் கிடந்தது.

கால்நடை டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். "பார்வோ. உங்க வீட்டுக்கு வந்தப்புறம் ஒட்டுனது இல்ல இது. இந்தக் கிருமி உடம்புல புகுந்து வெளிய தெரியறதுக்கே சில நாள் ஆகும். அங்கேயே பிடிச்சிருக்கு." அட்டையைப் புரட்டினார். "இதுல மருந்து ஸ்டிக்கர் இல்ல, டாக்டர் கையெழுத்து இல்ல. வெறும் நாய்ப் படம்தான் இருக்கு."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிஞ்சுக் காலில் ஊசி நிற்கவில்லை என்று தங்கப்பழமே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தையில் ஆயிரம் பேரை அதட்டிய மனிதர், "ஏலே ஜமீன், கண்ண முழிலே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அது கண்ணைத் திறக்காமலேயே அவர் கைக்குள் விறைத்தது.

வேட்டியைக்கூட மாற்றாமல் பண்ணை வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை கேட்டைத் திறக்கவில்லை. சபரிநாதன் உள்ளே நின்றபடி பேசினார்.

"ஏம்ப்பா தங்கப்பழம், அன்பளிப்பாக் கொடுத்ததுக்கு யாராவது கணக்குக் கேட்டு வருவாங்களா?"

"அன்பளிப்பா? சீக்குக் குட்டியத் தலையில கட்டிட்டு அன்பளிப்பா? தட்டுல துட்டு எண்ணி வச்சோம்லா!"

"யாரு சொன்னா? நீ அப்படிச் சொல்லலையே" என்று சபரிநாதன் போனை எடுத்து அந்த வீடியோவை ஓடவிட்டார். தங்கப்பழத்தின் குரல் கணீரென்று கேட்டது: ஒரு பைசா வாங்கமாட்டேன்னுட்டாரு.

கேட்டுக்கு உள்ளே தாய் நாய் வந்து நின்றது. குரைக்கவில்லை. பார்த்தது.

வக்கீல் சுபலட்சுமி பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். "விலை கொடுத்து வாங்குனா, சட்டத்துல நாய்க்குட்டியும் சரக்குதான் அண்ணாச்சி. நோயோட வித்தது தப்பு, ஊசி போட்டதாச் சொன்னது தப்பு, பில் தராததும் தப்பு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. நுகர்வோர் கோர்ட்டுல தாராளமா கேக்கலாம். ஆனா நீங்க வாங்குனவருன்னு நிக்கணும். சும்மா வந்ததுன்னா அந்த உரிமையே இல்ல. நீங்களேதான சும்மா வந்துதுன்னு சொல்லிருக்கீங்க."

அங்கே குட்டி எடுத்த வேறு ஆட்களைக் கேட்டுப் பார்க்கலாமே என்றாள். கேட்டார்கள். புளியங்குடியில் ஒருவர், கடையநல்லூரில் ஒருவர். எல்லாருமே அந்த வீட்டுக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள். துட்டு கொடுத்தேன் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"அப்ப உங்க வாயிதான்" என்றாள் கோமதித்தாய். "எந்த இடத்துல பொய் சொன்னியளோ அந்த இடத்துல போயி மெய்யச் சொல்லுங்க. நாலு பேரு காதுல விழட்டும்."

நுகர்வோர் கோர்ட் மனுவில் கையெழுத்துப் போட்டது லேசாக இருந்தது. இது அப்படி இல்லை. இத்தனை வருஷத்தில் தங்கப்பழம் சொன்னதைத் திரும்ப எடுத்ததே இல்லை. ஆனாலும் போனார். வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்துத் தராசுக்குப் பக்கத்தில் நின்றார்.

"எல்லாரும் கேளுங்கவே. அந்தக் குட்டிய நான் துட்டு கொடுத்துதான் வாங்கினேன். அன்னைக்குச் சொன்னது பொய்யி."

முதலில் பேசியவர் மருதப்பன். வருஷக்கணக்காக அண்ணாச்சி கடைக்கே பிச்சி போடுகிற சம்சாரி. "நாயி போன வருத்தத்துல பேசுதிய, அண்ணாச்சி. வீட்டுக்குப் போயிப் படுங்க."

"வருத்தமா? வக்கீலம்மா நஷ்டஈடு கிடைக்கும்னு சொல்லிருப்பாவ" என்றான் லிங்கேஷ். சிரிப்பு எழுந்தது. "அதுக்காவ, சும்மா கொடுத்த மனுசன் மேல பழியப் போடலாமா?"

"ஏலே, நான் சொல்லுதேம்லா!"

"நீங்க சொல்லுதியதான். அன்னைக்கும் நீங்கதான சொன்னிய? இதுல எதை எடுத்துக்கிடணும்?" என்றான் லிங்கேஷ்.

வாழ்க்கையில் தங்கப்பழம் பட்ட அடி எத்தனையோ. முதுகில் பட்டது உண்டு, வயிற்றில் பட்டது உண்டு. உண்மையைச் சொல்லி அடிபட்டது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மருதப்பனின் பிச்சிச் சாக்கு தராசில் ஏறி இறங்கியது. எடையைச் சொன்னார், விலையைச் சொன்னார். மருதப்பன் போகாமல் நின்றார்.

"என்னவே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எடையையும் விலையையும் ஒரு சீட்டுல எழுதித் தந்திருங்க. வீட்டுல கேக்காவ."

தங்கப்பழம் நிமிர்ந்து பார்த்தார். மருதப்பனுக்குப் பின்னால் நின்ற சம்சாரிகள் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையில் பேனா இல்லை. லிங்கேஷ்தான் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பூ மடிக்கிற காகிதத்தைக் கிழித்து, முழங்காலில் வைத்து, 'பிசி' என்று எழுதினார். ஏதோ குறைகிறது என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. எடையை எழுதினார், விலையை எழுதினார்.

மருதப்பன் சீட்டை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"தேதியும் போட்டுருங்க அண்ணாச்சி."

அவர் தேதியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த சாக்கு தராசில் ஏறியிருந்தது. சாக்குக்காரனின் கை சீட்டுக்காக இப்போதே நீண்டிருந்தது.